பெரிய ரகசியமும் சில உண்மைச் சம்பவங்களும்

கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று நண்பர்கள் கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் 'லெ கிரான் செக்ரே'. எழுதியவர் ரெனே பர்ழாவெல். 'பெரிய ரகசியம்' என்று தமிழில் சொல்லலாம். 1973-ல் பாரீஸில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே 'தி இம்மார்ட்டல்ஸ்' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வந்தது.

ஆங்கில வழியில் படித்த என் அலுவலக நண்பர்களுக்கு அந்தக் காலத்தில் விறுவிறுப்பு என்றால் ஃபிரெடரிக் ஃபோர்சித் எழுதிய 'தி டே ஆஃப் தி ஜக்கால்'தான். மதியச் சாப்பாட்டு வேளையில் அதைப் பற்றியே பேசுவார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களைப் போன்ற சிலருக்கு அந்த இடத்தில் பர்ழாவெல் இருந்தார். இரண்டு நாவலிலும் ஜெனரல் தெகோல் வருகிறார். பர்ழாவெலின் நாவலில் கூடுதலாக நம் நேருவும் வருகிறார்.

பர்ழாவெல் 1911-ல் தெற்கு பிரான்சிலுள்ள நியோன்ஸ் என்ற சிற்றூரில் ரொட்டிக்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பத்திரிகையாளராக வாழ்க்கையைத் தொடங்கியவர், சினிமாவுக்கு வசனமும் எழுதியிருக்கிறார். 1943-ல், பாரீஸ் ஜெர்மானியர் கையில் இருந்தபோது, 'ராவாழ்' என்ற நாவல் எழுதினார். திடீரென்று ஒருநாள் உலகத்தில் மின்சாரமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது அதன் கதை. 1968-ல் வந்த 'லா நுய் தே தான்' அண்டார்டிகாவின் பனிக்கடியில் பல லட்சம் ஆண்டுகளாக உறைந்து கிடக்கும் ஓர் ஆணையும் பெண்ணையும் பற்றியது. அறிவியலும் காதலும் கலந்து எழுதுவது அவருடைய வழக்கம். 'பெரிய ரகசிய'த்தில் இந்த இரண்டோடு அரசியலும் சேர்ந்துகொண்டது.

கதையை முழுதும் சொல்லிவிட்டால் நீங்கள் படிக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே வாசல் வரை மட்டும் அழைத்துப் போகிறேன். 1955-ன் தொடக்கம். பம்பாயில் ஒரு முதிய விஞ்ஞானி, தனக்குத் தெரிந்தவரான பிரதமர் நேருவை அவசரமாகத் தொடர்பு கொள்கிறார். புற்றுநோய்க்கு மருந்து தேடப் போன இடத்தில் வேறொன்று கையில் சிக்கிவிட்டது. முதுமையை நிறுத்தும் ஒரு கிருமி. அது உடலில் ஏறினால் நோய் இல்லை, மூப்பு இல்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றவும் செய்யும். நேரு முதலில் மகிழ்கிறார், பிறகு நடுங்குகிறார். யாரும் சாகாத உலகத்தில் சோறு யாருக்கு, இடம் யாருக்கு? அவர் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் மற்ற தலைநகரங்களுக்கும் சொல்லி அனுப்புகிறார். அன்று முதல் உலகத் தலைவர்கள் வெளியே சண்டைக்காரர்களாகவும் உள்ளே ஒரே ரகசியத்தின் காவலர்களாகவும் மாறுகிறார்கள்.

அதே நேரத்தில் பாரீஸை அடுத்த வில்ழுயிஃபில் ஓர் ஆய்வகம் தீப்பற்றி எரிகிறது. அங்கே வேலை பார்த்த ரொலான் ஃபூர்னியே என்ற இளைஞன் காணாமல் போகிறான். அவனைக் காதலித்த ழான் கொர்பே என்ற பெண் அவன் செத்துவிட்டான் என்பதை நம்ப மறுக்கிறாள். 17 ஆண்டுகள் உலகம் முழுக்கத் தேடுகிறாள். அந்தத் தேடல் அலாஸ்காவுக்கு அப்பால் அலூஷியன் தீவுக்கூட்டத்தில், எண் மட்டுமே பெயராகக் கொண்ட ஒரு தீவில் போய் முடிகிறது. இனி நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

இதை வெறும் நூல் அறிமுகமாக எழுதாமல் சரித்திரக் கட்டுரையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பர்ழாவெல் தம் ரகசியத்தைக் கற்பனை நாட்டில் வைக்கவில்லை. நம் கண்முன் நடந்த சம்பவங்களை வரிசையாக எடுத்து, இவற்றுக்கெல்லாம் உண்மைக் காரணம் இதுதான் என்று கோத்துக்கொண்டே போகிறார். கென்னடி கொலை, 1968 மே மாதத்தில் தெகோல் நடந்துகொண்ட விதம், நிக்சனின் பீகிங் பயணம் எல்லாம் அந்த மாலையில் ஏறிவிடுகின்றன. ஆகவே ஒரு கையில் நாவலையும் இன்னொரு கையில் சரித்திரத்தையும் வைத்துப் பார்த்தால் படிப்பது இரட்டிப்பு சுகம்.

முதலில் 1955. அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்ததிலேயே பர்ழாவெலின் சாமர்த்தியம் தெரிகிறது. எங்கள் ஊருக்கு அது மறக்க முடியாத காலம். 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. 1955 ஜனவரியில் நேரு இங்கே வந்தார். அதே மாதம் சென்னையை அடுத்த ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. ஏப்ரலில் பாண்டுங் மாநாடு. ஜூலையில் ஜெனிவாவில் அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நான்கு நாட்டுத் தலைவர்களும், யுத்தம் முடிந்து பத்தாண்டு கழித்து முதல் முறையாக ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஆண்டுக் கடைசியில் புல்கானினும் குருஷ்சேவும் இந்தியாவில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். எதிரிகள் ஏன் திடீரென்று சிரித்துப் பேசுகிறார்கள் என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குள் பர்ழாவெல் தம் கிருமியை வைத்துவிட்டார்.

விஞ்ஞானத்திலும் அது பெரிய ஆண்டு. ஏப்ரல் 12-ம் தேதி ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி வேலை செய்கிறது என்று அமெரிக்காவில் அறிவித்தார்கள். ஆகஸ்டில் ஜெனிவாவில், ஆக்கப் பணிக்கு அணுசக்தி என்ற ஐ.நா. மாநாடு நடந்தது. தலைமை வகித்தவர் பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையத்தை உருவாக்கிய நம் ஹோமி பாபா. அதுவரை பூட்டி வைத்திருந்த பல அணு விவரங்களை இரு தரப்பு விஞ்ஞானிகளும் அங்கே பகிர்ந்துகொண்டார்கள். ஆக, பம்பாயிலிருந்து ஒரு விஞ்ஞானி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைப்பது அந்த ஆண்டில் நடந்த காரியம்தான். நாவலில் அது ரகசியம். நிஜத்தில் அது மேடைமேல் எல்லோர் முன்னிலையிலும் நடந்தது.

அடுத்தது கென்னடி. 1963 நவம்பர் 22, டல்லஸ். ஆஸ்வால்ட் ஒருவனே சுட்டான் என்று 1964-ல் வாரன் கமிஷன் சொன்னது. 1979-ல் அமெரிக்க மக்களவைக் குழு ஒன்று, ஓர் ஒலிப்பதிவை வைத்து, சதி இருந்திருக்கலாம் என்றது. 1982-ல் விஞ்ஞானிகள் குழு அந்த ஒலிச் சான்று செல்லாது என்று ஒதுக்கியது. இப்படி ஒரு குழு சொன்னதை இன்னொரு குழு மறுக்கும்போது நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. நாவலாசிரியர்கள் குடியிருப்பது அந்த இடைவெளியில்தான்.

மூன்றாவது தெகோல். இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. 1968 மே மாதம் பிரான்சில் மாணவர் கிளர்ச்சி, பிறகு லட்சக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம். மே 29-ம் தேதி காலை மந்திரிசபைக் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஜனாதிபதி ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டார். சொந்தக் கிராமமான கொலோம்பேக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அங்கே வந்து சேரவில்லை. பிரதமர் பொம்பிதுவுக்கே அவர் எங்கே என்று தெரியாது. பல மணி நேரம் பிரான்ஸ் தலைவன் இல்லாத நாடாக இருந்தது. அவர் போனது ஜெர்மனியிலிருந்த பாதன்-பாதன் நகருக்கு, அங்கிருந்த பிரெஞ்சுப் படைத் தளபதி மாஸ்ஸுவைப் பார்க்க. மறுநாள் மாலை வானொலியில் சில நிமிடம் பேசினார். நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஜூன் தேர்தலில் அவர் கட்சி பெரும் வெற்றி பெற்றது. மனம் தளர்ந்து போனாரா, நாடகம் ஆடினாரா என்று பிரெஞ்சு சரித்திர ஆசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பர்ழாவெல் இந்த முடிச்சையும் விட்டுவைக்கவில்லை.

நான்காவது நிக்சன். 1972 பிப்ரவரியில் அவர் பீகிங் போய் மாவோவின் கையைக் குலுக்கியதை உலகமே வாய் பிளந்து பார்த்தது. கம்யூனிச எதிர்ப்பையே தொழிலாகக் கொண்டு மேலே வந்தவர் அவர். இதற்கு முன்னுரையாக நடந்த உண்மைச் சதி ஒன்று உண்டு. அது நாவலுக்குச் சற்றும் குறைந்ததில்லை. 1971 ஜூலை மாதம் கிஸ்ஸிஞ்சர் டெல்லிக்கு வந்து இந்திரா காந்தியைச் சந்தித்தார். பிறகு பாகிஸ்தான் போனார். அங்கே வயிற்று வலி என்று சொல்லி, மலைவாசஸ்தலத்தில் ஓய்வெடுப்பதாகப் பத்திரிகைக்காரர்களை நம்பவைத்துவிட்டு, இரவோடு இரவாகப் பாகிஸ்தான் விமானத்தில் பீகிங் பறந்தார். ஜூலை 9 முதல் 11 வரை சூ என்லாயுடன் பேசித் திரும்பினார். 15-ம் தேதி நிக்சன் தாமே தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டார்.

இந்த ரகசியத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். சீனாவுக்குத் தூது போனவர் யாஹியா கான். அதே மாதங்களில் கிழக்கு வங்காளத்தில் அவருடைய ராணுவம் மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அது சுமார் ஒரு கோடி ஆயிற்று. தூதருக்கு வருத்தம் வரக்கூடாது என்பதற்காக வாஷிங்டன் வாய் திறக்கவில்லை. வாஷிங்டனும் பீகிங்கும் கைகோத்ததைக் கண்ட இந்தியா ஆகஸ்ட் 9-ம் தேதி மாஸ்கோவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. நாவலில் தலைவர்கள் மனித குலத்தைக் காப்பாற்ற ரகசியம் காக்கிறார்கள். நிஜத்தில் ஒரு ரகசியம் காக்கப்பட்ட வாரங்களில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக அலூஷியன் தீவுகள். 1971 நவம்பர் 6-ம் தேதி அம்சிட்கா என்ற தீவின் அடியில் சுமார் 1,800 மீட்டர் ஆழத்தில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்தது. ஏறக்குறைய 5 மெகாடன். ஹிரோஷிமா குண்டைப் போல 300 மடங்குக்கும் மேல். அமெரிக்கா பூமிக்கடியில் செய்த சோதனைகளில் இதுவே பெரியது. நிலநடுக்கம் வரும், கடல் பொங்கும் என்று பயந்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். வெடிக்கும் நாளன்று 4-க்கு 3 என்ற கணக்கில் தடை மறுக்கப்பட்டது. அதை எதிர்க்க வான்கூவரிலிருந்து ஒரு பழைய மீன்பிடிப் படகில் சிலர் கிளம்பினார்கள். அந்தப் படகுப் பயணத்திலிருந்து பிறந்ததுதான் கிரீன்பீஸ் இயக்கம். யாரும் போக முடியாத, அணுகுண்டு காவல் காக்கும் ஒரு தீவுக்காகப் பர்ழாவெல் தம் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் செய்தித்தாளிலேயே அது வந்திருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி. இவ்வளவு பெரிய ரகசியத்தை நிஜத்தில் 17 ஆண்டு காப்பாற்ற முடியுமா?

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். 'இரகசியம்' என்று சிவப்பு மையில் எழுதிய உறைகள் என் கை வழியே போயிருக்கின்றன. உறைக்குள் ஓர் உறை வைத்து அரக்கு முத்திரை போட்டு அனுப்புவோம். ஆனால் அந்தக் கடிதத்தை ஒருவர் தட்டச்சு செய்திருப்பார். ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்திருப்பார். ஒருவர் அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டிருப்பார். மாற்றல் உத்தரவு ஒன்று கையெழுத்தாவதற்கு முன்பே, மாற்றப்படுகிறவரின் வீட்டில் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். கோப்பு இல்லாமல் அரசாங்கம் ஒரு ஆணியைக்கூட வாங்க முடியாது. ஒரு தீவையே விலைக்கு வாங்கி, ஆட்களைக் குடியேற்றி, சாப்பாடு அனுப்பி, கப்பற்படையைக் காவல் போட வேண்டுமானால் எத்தனை ரசீது, எத்தனை பில், எத்தனை தணிக்கை ஆட்சேபணை! நாவல் படிக்கும்போது எனக்கு மட்டும் அடிக்கடி சிரிப்பு வந்ததற்கு இதுதான் காரணம்.

சரித்திரமும் இதையே சொல்கிறது. அணுகுண்டுத் திட்டத்தில் ஒரே சமயத்தில் சுமார் 1,25,000 பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலோருக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாது. துணை ஜனாதிபதியாக இருந்த ட்ரூமனுக்கே, ரூஸ்வெல்ட் இறந்த பிறகுதான் முழு விவரமும் சொன்னார்கள். ஆனால் ஒற்றர்கள் மூலம் ஸ்டாலினுக்கு அது முன்பே எட்டியிருந்தது. நேச நாட்டுத் துணை ஜனாதிபதிக்குத் தெரியாதது, பயந்து மறைக்கப்பட்ட ஆளுக்குத் தெரிந்திருந்தது!

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற ஊர். 1932 முதல் சுமார் 600 கறுப்பின ஆண்களை அரசு சுகாதாரத் துறை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. அவர்களில் 399 பேருக்கு மேக நோய். அவர்களுக்கு நோயின் பெயரையே சொல்லவில்லை. பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. நோய் தானாக எப்படி வளர்கிறது என்று 40 ஆண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அரசியலும் அறிவியலும் கலந்த உண்மைச் சதி என்றால் அது இதுதான். இதில் வேதனை என்னவென்றால், ஆய்வு முடிவுகள் மருத்துவ ஏடுகளில் அவ்வப்போது அச்சாகிக்கொண்டிருந்தன. படித்தவர்கள் பேசாமல் இருந்தார்கள். அதே துறையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் 1966 முதல் மேலதிகாரிகளுக்கு எழுதிப் பார்த்தார். பலன் இல்லை. கடைசியில் பத்திரிகைக்குச் சொன்னார். 1972 ஜூலையில் செய்தி வெளியாயிற்று, ஆய்வு நின்றது. 1997-ல் ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார்.

உண்மைச் சதியில் அதிகாரம் இல்லாத மனிதர்கள் மேல் அதிகாரம் உள்ளவர்கள் கை வைக்கிறார்கள். அதற்குக் காகிதம் இருக்கும், கணக்கு இருக்கும், என்றைக்காவது மனசாட்சி உறுத்தும் ஓர் ஊழியரும் இருப்பார். இந்த மூன்றும் இல்லாமல் வெறும் 'உங்களுக்குத் தெரியுமா' என்று தொடங்கும் செய்திகளை நம்பாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், என்னோடு ஒரே பிரிவில் பல ஆண்டு உட்கார்ந்திருந்த ஓர் அண்ணன். ஓய்வுக்குப் பிறகும் தினம் கடற்கரையில் சந்திப்போம். 2021-ல் கொரோனா ஊசி வந்தபோது, அது மக்கள் தொகையைக் குறைக்க உலகத் தலைவர்கள் கூடிச் செய்த சதி என்று கைப்பேசியில் வந்ததை அவர் நம்பினார். "அண்ணே, நாம குப்பை கொட்டின ஆபீஸ் மாதிரிதானே எல்லா ஆபீஸும்? நாலு பேர் கூடி ரகசியமா ஒரு டீ பார்ட்டிகூட வைக்க முடியாது நம்மால" என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார், ஆனால் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. அந்த மே மாதம் அவரை இழந்தோம். இருபது பேர்கூட மயானத்துக்குப் போக முடியவில்லை. ஒரு நாவலின் கதையை விடப் பலவீனமான கதை ஒன்று அவரைக் கொண்டுபோயிற்று. அதனால்தான் சொல்கிறேன், நல்ல சதி நாவல்களை நிறையப் படியுங்கள். கதை எப்படிக் கட்டப்படுகிறது, இரண்டு உண்மைக்கு நடுவே ஒரு பொய் எப்படி நுழைகிறது என்பது பழகிவிடும். பிறகு கைப்பேசியில் வருவதைக் கண்டால் அடையாளம் தெரியும்.

நாவலின் அறக் கேள்விக்கும் வருகிறேன். சாவை ஒழிக்கும் மருந்தை மக்களிடமிருந்து மறைப்பது சரியா? 1973-ல் உலக ஜனத்தொகை சுமார் 390 கோடி. பூமி தாங்காது என்ற பயம் அன்று எங்கும் இருந்தது. பர்ழாவெல் அந்தப் பயத்தின் மேல்தான் வீடு கட்டுகிறார். இன்று நாம் 800 கோடியைத் தாண்டிவிட்டோம், பூமி இன்னும் சுற்றுகிறது. ஆனாலும் கேள்வி பழசாகவில்லை. யார் எவ்வளவு காலம் வாழலாம் என்று முடிவு செய்யும் உரிமை ஐந்தாறு பேருக்கு உண்டா?

நம் பக்கத்தில் இதற்கு வேறொரு விடை இருக்கிறது. நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனி அதியமானுக்குக் கிடைத்தது. அவன் அதைத் தானும் தின்னவில்லை, பூட்டியும் வைக்கவில்லை. ஔவையாருக்குக் கொடுத்துவிட்டான். நாவலின் தலைவர்களில் சிலருக்கும் அந்தக் கனியைத் தாங்களே தின்ன ஆசை வருகிறது. யார் தின்றார், யார் மறுத்தார் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாதி துப்பறியும் கதையின் வேகத்தில் பறக்கும். தீவுக்குப் போன பிறகு நடை சற்றுத் தளரும். அங்கே வளரும் இளைஞர்களின் கட்டுப்பாடற்ற வாழ்க்கையை விவரிக்கும் பக்கங்கள், அந்தக் கால ஹிப்பி மோகத்தின் வாசனை அடிப்பவை. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் புத்தகத்தை மேல் தட்டில் வையுங்கள். ஆனால் 17 ஆண்டு வயதேறிய ழான், ஒரு நாள்கூட வயதேறாத ரொலானின் எதிரே போய் நிற்கும் இடத்துக்கு வந்தால் இந்தக் குறையெல்லாம் மறந்துபோகும். எழுபதைத் தாண்டிய என் போன்றவர்களுக்கு அந்தப் பக்கங்கள் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும்.

பிரெஞ்சு தெரிந்தவர்கள் மூலத்திலேயே படியுங்கள். எளிய பிரெஞ்சு, அகராதி அதிகம் தேவைப்படாது. மற்றவர்கள் ஆங்கிலப் பிரதி பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் விடாதீர்கள். இரவில் தொடங்க வேண்டாம், தூக்கம் போய்விடும். படித்து முடித்ததும் நேருவின் முடிவு சரியா தவறா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். என் மனைவியும் நானும் இந்த விஷயத்தில் நாற்பது ஆண்டுகளாக ஒத்துப்போகவில்லை.